படிப்பவர் இல்லாத ஆய்வேடு

(பாறசாலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



‘பல்கலைக்கழகங்களில் ஆய்வு நேர்மை’ என்று தலைப்பைக் கொடுத்த அமைப்பாளர்கள், வெளிநாட்டு நிலைமையையும் சேர்த்துப் பேசுங்கள் என்றார்கள். பேசலாம். ஆனால் தொடங்குவதும் முடிப்பதும் இந்த நெய்யாற்றின்கரைத் தாலுகாவாகவே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அது சரியா தவறா என்ற பழைய வழக்கை நான் கிளறப் போவதில்லை. படிப்பு விஷயத்தில் அதனால் என்ன ஆயிற்று என்பதை மட்டும் பார்க்கிறேன். இந்தப் பக்கத்துக் கல்லூரிகள் கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. அந்தப் பக்கத்துக் கல்லூரிகள் முதலில் சென்னை, 1966க்குப் பிறகு மதுரை, 1990 முதல் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் என்று கை மாறின. நடந்தே போய்வரக்கூடிய தூரத்துக்குள் ஒரே தெய்வத்தையும் ஒரே பாட்டையும் ஒரே வட்டார வழக்கையும் பற்றி இரண்டு பல்கலைக்கழகங்களில் ஆய்வேடு எழுதுகிறார்கள். ஒன்று மலையாளத்தில், மற்றது தமிழில். இவர் அவரைப் படித்தாரா, படித்திருந்தால் அதைச் சொன்னாரா என்று பார்க்க யாருக்கும் பொறுப்பில்லை.

என் கருத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வு நேர்மை என்பது படிப்பவரைப் பொறுத்த காரியம். வழிகாட்டி படிக்க வேண்டும், தேர்வாளர் படிக்க வேண்டும், யாரைப் பற்றி எழுதினோமோ அவர்களும் படிக்க வழி இருக்க வேண்டும். சட்டமும் மென்பொருளும் அதற்குப் பிறகு வருபவை.

தேர்வு அறை முறைகேடுகளை இன்று நான் தொடவில்லை. 2019இல் திருவனந்தபுரத்தில் மாணவர் தலைவர் ஒருவர் வீட்டில் பல்கலைக்கழக விடைத்தாள்கள் கிடைத்ததும், அதே ஆண்டு தேனியில் நீட் ஆள்மாறாட்டம் பிடிபட்டதும் உங்களுக்குத் தெரியும். அவை போலீஸ் பார்த்துக்கொள்ள வேண்டியவை. நான் பேசப்போவது போலீஸுக்குப் புரியாத திருட்டைப் பற்றி.

1. மொழி மாறும்போது பெயர் உதிர்கிறது

நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன். சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை 1878இல் இங்கே அதியன்னூரில் பிறந்தவர். வக்கம் மௌலவியின் ‘சுதேசாபிமானி’ பத்திரிகையில் திருவிதாங்கூர் திவான் ராஜகோபாலாச்சாரியை விடாமல் விமர்சித்தார். 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகத்தை அரசு கைப்பற்றியது. ஆசிரியரை ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலியில் கொண்டுபோய் விட்டார்கள். பிறகு அவர் ஊர் திரும்பவே இல்லை. 1916இல் கண்ணூரில் காலமானார்.

அந்த நாடுகடத்தல் காலத்தில், 1912 ஆகஸ்டில், மலையாளத்தில் கார்ல் மார்க்ஸின் வரலாற்றைச் சிறு நூலாக எழுதினார். இந்திய மொழிகளில் வந்த முதல் மார்க்ஸ் வரலாறு என்ற பெருமை அதற்கு உண்டு. அதே ஆண்டு மார்ச்சில், கல்கத்தாவின் ‘மாடர்ன் ரிவ்யூ’ இதழில் லாலா ஹர்தயாள் ஆங்கிலத்தில் மார்க்ஸைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். இரண்டும் ஒரே அட்டைக்குள் வருவதற்கு 1975 ஆக வேண்டியிருந்தது. பி.சி. ஜோஷியும் கே. தாமோதரனும் அந்தத் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்தவர்களில் சிலர், மலையாள நூலின் பெரும்பகுதி ஹர்தயாளிடமிருந்து வந்ததுதான் என்று வாதிடுகிறார்கள்.

ராமகிருஷ்ண பிள்ளையைக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. ஊரை இழந்து, அச்சகத்தை இழந்து, மலையாளிகளுக்கு மார்க்ஸ் என்று ஒருவர் இருந்தார் என்பதைச் சொல்ல அவசரப்பட்ட பத்திரிகைக்காரர் அவர். பட்டத்துக்காக எழுதியவர் அல்ல. ஆனால் ‘அந்தக் காலத்தில் அப்படித்தான்’ என்ற சமாதானத்தை மட்டும் என்னால் ஏற்க முடியாது. திருவனந்தபுரத்தில், அவருக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னால், மகாராஜா கல்லூரித் தத்துவப் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை ‘மனோன்மணீயம்’ எழுதினார். 1891இல் நூல் வெளிவந்தபோது, கதையின் மூலம் லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய ‘இரகசிய வழி’ என்பதை முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். சொல்லியிருக்காவிட்டால் அன்றைக்கு எத்தனை பேர் கண்டுபிடித்திருப்பார்கள்? சொன்னதால் அவருடைய நாடகம் ஒரு மாற்றும் குறையவில்லை. எல்லைக்கு அப்பால் இன்று ஒரு பல்கலைக்கழகமே அந்த நாடகத்தின் பெயரோடு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மூலத்தை மறைக்காத இன்னொருவர் கணபதி சாஸ்திரி. பாசனின் நாடகங்கள் என்று அவர் 1912 முதல் அச்சிட்டவற்றின் ஓலைச்சுவடி பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் மணலிக்கரை மடத்தில் கிடைத்தது. எங்கே கிடைத்தது என்று அவர் பதிவு செய்தார். அவை பாசன் எழுதியவைதானா என்று அறிஞர்கள் பிறகு பல்லாண்டுகள் சண்டை போட்டார்கள். சுவடி வந்த இடம் தெரிந்ததால்தான் அந்தச் சண்டையைக்கூட ஒழுங்காகப் போட முடிந்தது.

2. வெளியூர்க் கதைகள்

மொழி மாற்றி எடுப்பது நம் ஊர்ப் பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஹங்கேரியின் குடியரசுத் தலைவராக இருந்த பால் ஷ்மிட் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற வாள்வீச்சு வீரர். நவீன ஒலிம்பிக்கைப் பற்றி எழுதி முனைவர் பட்டம் பெற்றவர். 2012 ஜனவரியில் ஒரு செய்தி இணையதளம், அந்த ஆய்வேட்டின் பெரும்பகுதி நிகோலாய் கியோர்கீவ் என்ற பல்கேரியர் பிரெஞ்சில் எழுதியதன் மொழிபெயர்ப்பு என்று வெளியிட்டது. மார்ச்சில் செம்மல்வைஸ் பல்கலைக்கழகம் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. ஏப்ரல் 2 அன்று அவர் பதவி விலகினார். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது விசாரணைக் குழு சொன்ன ஒரு விஷயம். பட்டம் கொடுத்தபோதே இந்த ஒற்றுமையைக் கண்டுபிடிக்காதது பல்கலைக்கழகத்தின் தவறு என்று அது எழுதியது. நம் நாட்டில் எந்தக் குழுவாவது அப்படி எழுதுமா என்று யோசித்துப் பாருங்கள்.

ஜெர்மனியில் பாதுகாப்பு அமைச்சராக இருந்த குட்டன்பெர்க் 2011இல் விழுந்தார். பிரேமன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஒருவர், அமைச்சரின் ஆய்வு நூலுக்கு மதிப்புரை எழுத உட்கார்ந்தபோது பிடிபட்டது அது. மதிப்புரைக்காக நூலை உண்மையிலேயே படித்திருக்கிறார்! பிறகு முகம் தெரியாத பலர் இணையத்தில் கூடிப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்த நாட்டின் கல்வி அமைச்சர் அன்னெட் ஷாவானும் பட்டம் பறிபோய்ப் பதவி விலகினார். 1980இல் அவர் எழுதிய ஆய்வேடு மனச்சாட்சியைப் பற்றியது. சிரிக்கிறீர்கள், அங்கேயும் சிரித்தார்கள்.

நம் நாட்டில் 2002இல் குமாவுன் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மீது, ஸ்டான்ஃபோர்டு இயற்பியலாளர் ரெனாட்டா கல்லோஷின் கட்டுரையைத் தம் பெயரில் போட்டதாகப் புகார் எழுந்தது. அந்தத் துறைக்காரர்கள் இரண்டையும் படித்திருந்ததால்தான் அது குடியரசுத் தலைவர் வரைக்கும் போயிற்று. மறு ஆண்டு அவர் விலகினார்.

காசு கொடுத்து எழுதி வாங்குவது இன்னொரு ரகம். கென்யாவில் வேலை கிடைக்காத பட்டதாரிகள் பலர் மேலைநாட்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறார்கள். இந்த வியாபாரத்தை ஆஸ்திரேலியா 2020இலும் இங்கிலாந்து 2022இலும் சட்டம் போட்டுக் குற்றமாக்கின. நம் பக்கத்தில் இதற்குத் தனிச் சட்டம் இல்லை. பேருந்து நிலையத்தை ஒட்டிய டிடிபி கடைகள் இருக்கின்றன. ‘சினாப்சிஸ் முதல் பைண்டிங் வரை’ என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். தட்டச்சு செய்பவருக்கு எந்த வழிகாட்டிக்கு எத்தனை இயல் பிடிக்கும், எந்தத் தேர்வாளர் துணைநூற்பட்டியலை மட்டும் புரட்டுவார் என்பதெல்லாம் அத்துப்படி. நம் ஆய்வுலகத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது பல பேராசிரியர்களுக்குத் தெரியாது.

3. பதினான்கு சொல்

இந்தியாவில் விதி இல்லாமல் இல்லை. 2018 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு ஆய்வுத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளை வெளியிட்டது. ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பொதுவாக எல்லோருக்கும் தெரிந்த செய்தியும் தற்செயலாக ஒத்துப்போகும் சொற்றொடரும் தொடர்ந்து பதினான்கு சொல் வரை கணக்கில் வராது.

அந்தப் பதினான்கு ஆங்கிலத்துக்குப் போட்ட கணக்கு. ஆங்கிலத்தில் ஆறேழு சொல்லில் சொல்வதைத் தமிழ் இரண்டே சொல்லில் முடித்துவிடும். ‘எழுதிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது நமக்கு ஒற்றைச் சொல். பதினான்கு தமிழ்ச் சொல்லுக்குள் ஒரு வாதத்தின் முழு எலும்புக்கூடும் அடங்கும், மலையாளத்திலும் அப்படியே. எனவே நம் மொழிகளில் இந்த விலக்கு ஒரு பெரிய வாசல். இதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

மென்பொருளுக்கு வருவோம். அது எழுத்து வரிசையை எழுத்து வரிசையோடு பொருத்திப் பார்க்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் வெவ்வேறு எழுத்துருக்களில் தட்டச்சான தமிழ் ஆய்வேடுகள் அதற்கு வெறும் கிறுக்கல். ஸ்கேன் செய்து ‘சோத்கங்கா’ என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏற்றியவை வெறும் படம். கேரளப் பல்கலைக்கழகத்தின் கரியவட்டத்து அலமாரியில் இருக்கும் தட்டச்சுப் பிரதியோ அதற்கு இல்லவே இல்லை. மலையாள ஆய்வேட்டின் ஓர் இயலைத் தமிழாக்கிச் சேர்த்தால் ஒற்றுமை சுழியம் என்றுதான் சான்றிதழ் வரும். அந்தச் சான்றிதழை ஆய்வேட்டின் முதல் பக்கங்களில் பைண்ட் செய்து வைக்கிறோம். திருடியவருக்கு நற்சான்று கொடுக்கும் ஏற்பாடாக அது ஆகிவிடுகிறது. மாறாக, கல்வெட்டு வரிகளையும் பாட்டு வரிகளையும் ஒழுங்காக எடுத்துக்காட்டிய பாவப்பட்ட மாணவி 30 சதவீதம் என்று வந்து அழுகிறாள். இப்போது கைப்பேசியே நொடியில் மொழிபெயர்த்துக் கொடுக்கிறது. முன்பு திருடுவதற்குக்கூட இரண்டு மொழி தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தகுதியும் போயிற்று.

4. பிழையைப் பின்தொடர்வது

அப்படியானால் எப்படிப் பிடிப்பது? வழி பழையது, நம் பதிப்பாசிரியர்கள் கையாண்டது. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் 1951 முதல் தமிழ்த்துறைத் தலைவராக இருந்த வையாபுரிப் பிள்ளை போன்றவர்கள் சுவடிகளை ஒப்புநோக்கும்போது, சரியான பாடங்கள் ஒத்துப்போவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சரியானது எங்கும் ஒன்றாகத்தான் இருக்கும். இரண்டு சுவடிகளில் ஒரே பிழை ஒரே இடத்தில் இருந்தால்தான் ஒன்று மற்றதைப் பார்த்து எழுதியது, அல்லது இரண்டும் ஒரே தாய்ச்சுவடியிலிருந்து வந்தவை என்று முடிவு செய்வார்கள்.

இதை நம் பக்கத்துச் செல்வத்தில் வைத்துப் பாருங்கள். ‘இரவிக்குட்டிப் பிள்ளைப் போர்’ இங்கே தெரியாதவர் யார்? 1634இல் திருமலை நாயக்கரின் படையோடு கணியாகுளத்தில் நடந்த போரில் இறந்த வேணாட்டுத் தளபதியின் கதை அது. எல்லைக்கு மேற்கே அது மலையாளத்தின் ‘தெக்கன் பாட்டு’. கிழக்கே அது தமிழ்க் கதைப்பாடல். பாட்டு ஒன்றுதான், இலக்கிய வரலாற்றில் இரண்டு அத்தியாயம். நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலேயே காஞ்சிரங்குளம் கொச்சுகிருஷ்ணன் நாடார் தெக்கன் பாட்டுகளைத் தொகுத்தார். தமிழில் நா. வானமாமலை கதைப்பாடல் பதிப்புக்கு வழி போட்டார், நாகர்கோவிலில் அ.கா. பெருமாள் ஒரு வாழ்நாளையே இதற்குக் கொடுத்திருக்கிறார். இவர்களை யாரும் எளிதில் மறைக்க முடியாது, பெயர் பெரியது. நான் கவலைப்படுவது அவர்களுக்குப் பின்னால் வந்த பெயர் தெரியாத ஆய்வு மாணவர்களைப் பற்றி. ஒரு மலையாள எம்.ஃபில். மாணவி ஊர் ஊராக அலைந்து வில்லுப்பாட்டு அண்ணாவியிடம் ஏடு வாங்கிப் படியெடுத்திருப்பாள். பத்து ஆண்டு கழித்து அந்தப் பாடம் ஒரு தமிழ் ஆய்வேட்டில் ‘களஆய்வில் சேகரித்தது’ என்று வரும். தமிழிலிருந்து மலையாளத்துக்குப் போகும் சரக்கும் குறைவில்லை. இந்த விஷயத்தில் இரண்டு மாநிலமும் சமம்.

வாய்மொழித் தேர்வுகளில் நான் கடைப்பிடிக்கும் முறை எளிது. சேகரித்த பாடத்தில் ஊர்ப்பெயர்களைப் பார்ப்பேன். தமிழ் ஏட்டிலிருந்து வந்த பாடத்தில் ரகரமும் றகரமும் தமிழ்க்கணக்கில் தடுமாறியிருக்கும். மலையாள எழுத்தில் படியெடுத்ததைத் தமிழுக்குத் திருப்பியிருந்தால் தடுமாற்றம் வேறு மாதிரி இருக்கும்: தமிழ்ப் பாடகர் ஒருபோதும் சொல்லாத வர்க்க எழுத்து ஒலிப்பு, ‘க’ வர வேண்டிய இடத்தில் ‘ஹ’, பக்கத்து ஊர்க்காரர் வாயில் வராத ‘ஸ’. பிறகு, பாடியவர் பெயர் என்ன, எந்தக் கோயில் கொடையில் பாடினார், குடம் அடித்தது யார் என்று கேட்பேன். போனவர் சொல்லிக்கொண்டே போவார். அவர் வாயை மூட வைப்பதுதான் கடினம். போகாதவர் வழிகாட்டியின் முகத்தைப் பார்ப்பார்.

2023இல் கேரளத்தில் பேசப்பட்ட ஒரு வழக்கும் இந்த வகைதான். கேரளப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கிய ஓர் ஆய்வேட்டில், ‘வாழக்குலை’ கவிதை வைலோப்பிள்ளியுடையது என்று இருந்தது. அது சங்ஙம்புழாவுடையது என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதே பிழை முன்பே இணையத்தில் வந்த ஒரு கட்டுரையிலும் இருக்கிறது என்று புகார் கிளம்பியது. நகலெடுக்கவில்லை, கருத்தை உள்வாங்கிக்கொண்டேன் என்று ஆய்வாளர் விளக்கினார். பத்திரிகைகள் அவர் பெயரை வைத்து மாதக்கணக்கில் ஓட்டின. நான் அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. எனக்குக் கேள்வி வேறு. அந்தப் பக்கத்தை வழிகாட்டி கடந்தார், தேர்வாளர்கள் கடந்தார்கள், பொது வாய்மொழித் தேர்வும் கடந்தது. கேரளத்தின் ஆகப் பிரபலமான கவிதைகளில் ஒன்று கவிஞர் மாறி நிற்கிறது, யார் கண்ணிலும் படவில்லை. அந்த வரியை அவர்கள் படிக்கவே இல்லை என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

5. மலையில் வாங்கிய கடன்

எழுத்திலிருந்து எடுத்தால் பிழையாவது காட்டிக் கொடுக்கும். வாயிலிருந்து எடுத்தால்?

நெய்யாறு பிறக்கும் அகத்தியமலைச் சரிவில் காணிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சு தமிழா மலையாளமா என்று இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடுவது உண்டு. 1987 டிசம்பரில் புஷ்பாங்கதன் தலைமையில் தாவரவியலாளர்கள் மலையேறினார்கள். வழிகாட்ட வந்த காணி இளைஞர்கள் ஒரு காயை மென்றபடி களைப்பில்லாமல் ஏறுவதைப் பார்த்தார்கள். அது என்ன என்று கேட்டதற்கு முதலில் பதில் வரவில்லை. வெளியாருக்குச் சொல்லக் கூடாதது. வற்புறுத்திக் கேட்டபின் சொன்னார்கள்: ஆரோக்கியப்பச்சை. பாலோட்டு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, கோவை ஆரிய வைத்திய மருந்தகத்துக்கு உற்பத்தி உரிமை கொடுத்தது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் பங்கு. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. 1997 நவம்பரில் காணிகளுக்கென்று ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. உலகம் முழுதும் இதை முன்மாதிரி என்று பாராட்டினார்கள்; 2002இல் புஷ்பாங்கதனுக்கு ஐ.நா. விருதும் கிடைத்தது.

பாராட்டில் நியாயம் உண்டு. கேட்டு வாங்கியதைக் கேட்டு வாங்கியது என்று சொல்லி, பணத்திலும் பங்கு கொடுத்த ஆய்வுக்கூடங்கள் அன்று அபூர்வம். ஆனால் சொன்னவர்கள் இருவர் மூவர்; மலையில் குடியிருப்புகள் பல. மற்றக் குடியிருப்புகளின் மூத்த வைத்தியர்கள், எங்களைக் கேட்காமல் எங்கள் அறிவை விற்றது யார் என்று எதிர்த்தார்கள். செடியைக் காட்டிலிருந்து எடுக்க வனத்துறை சம்மதிக்கவில்லை. வெளியாட்கள் திருட்டுத்தனமாகப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். இந்த முப்பது ஆண்டுகளில் இதைப் பற்றி வெளிவந்த ஆங்கிலக் கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. அவற்றில் ஒன்றாவது கோட்டூர்ப் பக்கத்துக் குடியிருப்பில் ஒருவர் படித்து, ‘இது தப்பு, அப்படி நடக்கவில்லை’ என்று சொல்லும் மொழியில் அவர் கைக்குப் போயிருக்கிறதா? பங்கு கொடுத்தார்கள், படிக்கக் கொடுக்கவில்லை.

6. செய்யக்கூடியவை

புதிய சட்டம் கேட்கவில்லை. எல்லைப்புறத் தலைப்பில் வரும் ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் தேர்வாளர்களில் ஒருவர் தமிழும் மலையாளமும் எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று இரண்டு பல்கலைக்கழகங்களும் முடிவெடுக்கலாம். அப்படிப்பட்டவர்கள் இந்த அரங்கிலேயே பாதிப் பேர். தேர்வாளர் அறிக்கை இப்போது ‘ஆய்வாளரின் உழைப்பு பாராட்டத்தக்கது’ என்று ஒன்றரைப் பக்கத்தில் முடிகிறது. எந்தப் பக்கத்தில் எதைச் சரிபார்த்தேன் என்று பக்க எண்ணோடு எழுதாத அறிக்கைக்குப் பணம் கொடுக்காமல் இருக்கலாம். அது ஒன்றே பாதி நோயைத் தீர்க்கும் என்று நினைக்கிறேன். ஒரு வழிகாட்டியின் கீழ் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று சேர்த்துக்கொண்டால் அவர் எதைப் படிப்பார்?

மூன்றாவது யோசனைக்கு இந்த மண்ணே இடம் வைத்திருக்கிறது. 1945இல் பி.என். பணிக்கர் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தைத் தொடங்கிய பிறகு இங்கே நூலகம் இல்லாத கிராமம் தேட வேண்டும். மாலையில் போனால் ஓய்வுபெற்ற வாத்தியார், மரமேறி, பீடித் தொழிலாளி எல்லோரும் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். எந்த ஊரைப் பற்றிய ஆய்வோ, அந்த ஊர்க் கிரந்தசாலையில் ஒரு பிரதி வைக்க வேண்டும். வாய்மொழித் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே வைக்க வேண்டும். முடிந்தால் தேர்வையே அங்கே நடத்த வேண்டும். ஏடு கொடுத்த அண்ணாவியின் பேரன் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கட்டும். கல்லூரிக் கருத்தரங்க அறையில் துறைத் தலைவர் கேட்காத கேள்வியை அவன் கேட்பான்.

கூடுதலாக ஒரு பிரதி அச்சிட்டுக் கெட்டி அட்டை போட்டு பைண்ட் செய்யச் சில நூறு ரூபாய் ஆகும். ஆய்வு மாணவர்களின் உதவித்தொகை எத்தனை மாதம் தாமதமாக வருகிறது என்பது எனக்குத் தெரியும். அவர்கள் தலையில் இதையும் கட்ட வேண்டாம். இந்த அறக்கட்டளையே அந்தச் செலவை ஏற்கலாம் என்று அமைப்பாளர்களிடம் மேடையேறும் முன் கேட்டேன். அடுத்த குழுக் கூட்டத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்றார்கள். கூட்டம் எப்போது என்று கேள்வி நேரத்தில் நீங்கள் கேளுங்கள்.